அந்த வண்டியில் யாராலும் தூங்க முடியாது

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நலம் விசாரிப்பதை ஒரே வரியில் முடித்திருந்தாய். நானும் அப்படியே முடித்துக்கொள்கிறேன்: உயிரோடு இருக்கிறோம். மீதி மூன்று பக்கமும் காரைப் பற்றி. புனேயில் உன் அலுவலக நண்பன் வைத்திருந்த வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வேறு வைத்திருந்தாய். மூன்று விதமான ஷாக் அப்சார்பர் படம். ஒன்றில் வெறும் ஆயில், ஒன்றில் கேஸ், மூன்றாவது கனமான வண்டிகளுக்கென்றே செய்ததாம். ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு நம் வீட்டுப் பெரிய காரில்தான் வரவேண்டும், போன தடவை ஓட்டியபோது படகு மாதிரி ஆடியது, மூன்றில் எதை வரவழைப்பதென்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள் என்கிறாய். 'இந்த விஷயத்தில் அப்பாவுக்குத் தெரியாதது கிடையாது' என்று ஒரு பாராட்டு. கடைசியில், கையெழுத்துக்கு மேலே, நான் சிரிக்க வேண்டுமென்று ஒரு வரி: 'அன்றைக்கு ஓட்டுவதற்குத் தூங்காத டிரைவராகப் பார்த்து வையுங்கள்.'

அந்த வரியை நான்கு தடவை படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்மேல் கோபம்கூட வரவில்லை. நான் வளர்த்த பிள்ளை என்று நினைத்தபோது ஒரு அருவருப்பு வந்தது. அதில் பெரும்பங்கு என்மேல்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கேள்விக்குப் பதில் உண்டு. ஆனால் அதை உன் அப்பாவிடம் கேட்டுச் சொல்லப் போவதில்லை. எனக்கே தெரியும்.

அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ ஏதோ பரம்பரைச் சொத்து போல எழுதியிருக்கிறாய். பீளமேட்டில் ஒரு பெரிய மில்காரர் வீட்டில், வைக்க இடமில்லையென்று தள்ளிவிட்ட அமெரிக்கக் கார் அது. அவர்கள் சின்னதாகப் புதிய கார் வாங்கிக்கொண்டார்கள். நம்மிடம் இருந்ததோ நாற்பது பேர் வேலை செய்யும் பம்ப்செட் கம்பெனி. அடுத்தவர்கள் கழித்துப் போட்டதை நெல்லிக்காய் நிறத்தில் பெயின்ட் அடித்து, போர்ட்டிகோவில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிறுத்திவைத்து, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார் உன் அப்பா. கிளப்புக்குப் போனால் வாசலிலேயே நிறுத்துவார். பின்னால் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதற்காகத்தான் அங்கே நிறுத்துவது. காருடன் கூடவே வந்தவர் சாலமோன். மில்காரர் வீட்டில் அதை ஓட்டிக்கொண்டிருந்தவர். உன் அப்பாவைவிட நான்கு வயது மூத்தவர். இந்த வீட்டில் நீ உட்பட அத்தனை பேரும் அவரை 'அவன்' என்றுதான் சொன்னோம். நீ அப்படிச் சொல்ல ஆரம்பித்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. நான் திருத்தவில்லை.

தொண்ணூற்றிரண்டில், நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் ஆயில் கக்கத் தொடங்கின. வேகத்தடையில் ஒருதடவை ஏறி இறங்கினால் கார் ஐந்து தடவை தலையாட்டும். பழையது மாதிரியே புதிது இந்த ஊரில் கிடைக்காது. சாலமோன் என்ன செய்தார் தெரியுமா? ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, பழையதைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தொங்கவிட்டார். மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரைக்கும் டேப் பிடித்து அளந்தார். பிறகு வண்டியை இறக்கி, பின் சீட்டில் உன் அப்பாவின் கம்பெனியிலிருந்து நான்கு ஆட்களை உட்காரவைத்து இன்னொரு தடவை அளந்தார். இரண்டு அளவையும் சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டு, ஒரு வாரம் ஊரெல்லாம் அலைந்தார். நம் ஊரில் ஓடும் வேன் ஒன்றின் பின் ஷாக் அப்சார்பர் நீளத்துக்கு அப்படியே ஒத்துப்போகிறது, இரண்டு முனையிலும் போடுகிற புஷ் வளையத்தை மட்டும் கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் கடைந்து வாங்கினால் போதும் என்று வந்து சொன்னார். அப்பா பேப்பரை மடிக்கக்கூட இல்லை. "அவ்வளவு பெரிய வண்டிக்கு வேன் சாமானா?" என்றார். கிளப்பில் அவருடைய சிநேகிதர் ஒருவர் பம்பாயிலிருந்து தன் காருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்த, கட்டை விரல் மொத்தத்தில் தண்டு வைத்த ஒரு ஜோடியை வரவழைத்திருந்தார். அதைப் போலவே நமக்கும் ஒரு ஜோடி வந்தது. அந்தச் சிநேகிதருடைய கார் வேறு, நம்முடைய கார் வேறு. அது உன் அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. கம்பெனியில் ஒரு ஷாப்ட் மயிரிழை தடிமன் அதிகமாக இருந்தால் தூக்கி வீசுகிற மனுஷன் அவர்.

பார்சலைப் பிரித்த அன்று நான் போர்ட்டிகோவில்தான் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சாலமோன் புதியதை முழுக்க இழுத்துப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு, கீழே வைத்தார்.

"ஏனுங்க மொதலாளி, இது ரெண்டு இஞ்சு கட்டையா இருக்குதுங்க. சக்கரம் குழியில எறங்கறப்ப ஸ்பிரிங் போற தூரத்துக்கு இது நீளாதுங்க. அப்பறம் அச்சுப் பாரமெல்லாம் இதுலதான் தொங்குமுங்க. கீழ இருக்கற பிராக்கெட்ட பிச்சுக்கிட்டு வந்துருமுங்க."

"நீ எத்தன வருசமா வண்டி ஓட்டற?"

"இருவத்திரண்டு வருசமாச்சுங்க."

"அப்ப ஓட்டற வேலைய மட்டும் பாரு. பம்பாய்க்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்!"

நான் வாயைத் திறந்தேன். "ஏனுங்க, ஒருக்கா அளந்துதான் பாருங்களே" என்றேன். "நீ போயி காப்பி வையி, அம்மணி" என்றார். போய் வைத்தேன். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் நீ, அதனால் சொல்கிறேன்: இந்த வீட்டில் அன்றைக்கு டேப் வைத்திருந்தவர் ஒருவர், அளந்து பாருங்கள் என்றவள் ஒருத்தி. இரண்டு பேரையும் விரட்டிவிட்டு முடிவெடுத்தவர்தான், நீ பாராட்டி எழுதியிருக்கிற நிபுணர்.

சாலமோன் அதையே மாட்டினார். மாட்டாமல் என்ன செய்வார்? அன்று முதல் அந்தக் கார் கார் மாதிரி இல்லை, கட்டை வண்டி மாதிரி ஆகிவிட்டது. ஷாக் அப்சார்பர் கெட்டியாக இருந்தால் வண்டி கெட்டி என்று நினைக்கிற ஜனங்கள் இருக்கிறார்கள், உன் அப்பாவும் அவருடைய கிளப்பும் அந்த ஜாதி. பாரம் தாங்குவது ஸ்பிரிங். துள்ளலை அடக்குவது மட்டும்தான் ஷாக் அப்சார்பர். அது அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் உன் முதுகெலும்புக்குக் கொண்டுவந்து கொடுக்கும். இதெல்லாம் சாலமோன் எனக்குச் சொன்னது. பயத்தில் நானே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் அப்பாவோ, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, "ரோட்டப் புடிச்சுக்கிட்டு எப்படிப் போகுது பாத்தியா?" என்பார்.

அந்த ஆடியில் அவருக்குக் குதிரை ஆசை வந்தது. அந்தியூர்ச் சந்தைக்குப் போய் ஒரு குதிரை வாங்கி வருவதாகக் கிளப்பில் சொல்லிவிட்டார். நம் வீட்டில் குதிரை கட்ட இடம் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன? விடிந்ததும் அவர், நான், சாலமோன் மூன்று பேரும் கிளம்பினோம். அவிநாசி தாண்டும்போதே எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. பவானி தாண்டி அந்தியூர் ரோட்டில், வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் தார் பெயர்ந்து ஒரு பள்ளம். எதிரே பஸ் வந்ததால் சாலமோன் ஒதுங்கினார். இடது பின்சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கியது. எனக்கு நேர் கீழே ஒரு சத்தம், தகரத்தைக் கிழித்தது போல. "மொதலாளி, பின்னால பிச்சுக்கிச்சுங்க, நிறுத்திப் பாத்தர்றனுங்க" என்றார். "சந்தையில போயி பாத்துக்கலாம். இப்பவே நேரமாச்சு" என்றார் உன் அப்பா. கீழே பிடிப்பு விட்ட ஷாக் அப்சார்பர் தொங்கிக்கொண்டே வந்து, பக்கத்தில் போகும் பிரேக் குழாயை அடித்து அடித்து அறுத்துவிட்டது. ஒரு மைல்கூடப் போகவில்லை. முன்னால் ஒரு வளைவு. அந்த வளைவு நிறையக் குதிரைகளும், அவற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆட்களும். சாலமோன் பிரேக்கை மிதித்தார், அது தரையோடு போய்விட்டது. அவர் கத்தவில்லை. ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அதற்கு மேல் இடமில்லை என்றதும் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். அங்கே ஒரு புளியமரம். தான் உட்கார்ந்திருந்த பக்கத்தைக் கொண்டுபோய் அதில் வைத்தார்.

உன் அப்பாவுக்கு நெற்றியில் சிராய்ப்பு. எனக்கு மணிக்கட்டில் வீக்கம். சாலமோனின் வலது முழங்கால் டாஷ்போர்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் நசுங்கியது. குதிரைக்காரர்கள்தான் கடப்பாரை வைத்து நெம்பி அவரை வெளியே எடுத்தார்கள். அவரை ஒரு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும், உன் அப்பா குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. நான் பக்கத்தில் நின்றேன், எனக்கும் தெரிந்தது: பிய்ந்த பிராக்கெட், பெயின்ட்கூட மங்காத அந்தச் சிவப்புத் தண்டு. அரை மணி கழித்து சப் இன்ஸ்பெக்டர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

"டிரைவர் தூங்கிப்போட்டானுங்க" என்றார் உன் அப்பா. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

அந்த அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஏனுங்கம்மா, தூங்கிட்டாருங்களா?"

அந்த வண்டியில் யாராலும் தூங்க முடியாது, கண்ணு. கைக்குழந்தைகூடத் தூங்காது. எனக்குத் தெரியும், கேட்டவருக்குத் தெரியாது. நான் சொன்ன பதிலை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன்: "நான் கண்ண மூடிட்டு இருந்தனுங்க. கவனிக்கலீங்க." பொய் சொல்வதற்குக்கூடத் தைரியமில்லாத பொய். அவர் எழுதிக்கொண்டார். கேஸ் சாலமோன்மேல் போனது, அவருடைய லைசென்ஸும் போனது. தூங்குகிற டிரைவர் என்ற பெயரைக் கிளப்பில் உன் அப்பாவே பரப்பினார், அதற்கப்புறம் இந்த ஊரில் எந்த வீட்டில் அவருக்கு வண்டி கொடுப்பார்கள்? ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. கெட்ட எண்ணம்கூட இல்லை. டிரைவர் சொன்னது சரியாகிப் போயிற்று என்று நான்கு பேர் முன்னால் சொல்ல வேண்டி வருமே, அந்த வெட்கம். அவ்வளவுதான் காரணம். அவ்வளவு அற்பமான காரணம்.

நீ தீபாவளிக்கு ஹாஸ்டலிலிருந்து வந்தபோது கார் பட்டறையிலிருந்து திரும்பியிருந்தது. உன் அப்பா சாப்பாட்டு மேஜையில் சாலமோன் குறட்டை விடுவது போல விட்டுக் காட்டினார். மூக்கில் விசில் மாதிரி ஒரு சத்தம், கடைசியில் 'டமார்'. நீ அதை உடனே கற்றுக்கொண்டாய், அவரைவிட நன்றாகச் செய்தாய். நானும் சிரித்தேன். அது உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது.

இப்போது உன் கேள்வி. எதை வரவழைப்பதென்று அப்பாவிடம் கேட்டு எழுதச் சொன்னாயே. விபத்துக்குப் பிறகு அவர் என்ன போட்டார் தெரியுமா? அந்த வேன் ஷாக் அப்சார்பர். புஷ்ஷை கணபதியில் கடைந்து வாங்கினார். சாலமோன் எழுதிவைத்த சிகரெட் அட்டை கார் டிராயரிலேயே கிடந்தது, அதைப் பார்த்து அப்படியே செய்தார். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், பம்பாய்ச் சரக்கு என்றார். ஐந்து வருடம் நன்றாக ஓடியது, இப்போது ஆயில் தீர்ந்துவிட்டது, அதனால் ஆடுகிறது. உன் பத்திரிகைத் தாளைத் தூக்கிப் போடு. பளபளப்பைப் பார்க்காதே, கேஸா ஆயிலா என்று பார்ப்பதும் அப்புறம்தான். சக்கரம் தொங்கும்போது அது போகிற தூரத்தைவிட ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அதிகமாக நீள வேண்டும், முழுப் பாரத்தில் அமுங்கும்போது முட்டாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதே, ஜோடியாக மாற்று. மாட்டியபிறகு பின்பக்கத்தைக் கையால் அழுத்திவிட்டு எடு, ஒருதடவை எழும்பி நின்றால் சரி. இவ்வளவுதான் விஷயம். இதை அறிந்துகொள்ள அமெரிக்கப் பத்திரிகை வேண்டாம், ஒரு டேப்பும், சொல்கிறவன் யார் என்று பார்க்காமல் கேட்கிற காதும் போதும். டேப் உன்னிடம் இருக்கும். மற்றது எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வியாழக்கிழமை டவுன் பஸ் ஏறி கணபதிக்குப் போனேன். அங்கே ஒரு லேத் பட்டறையின் வாசலில் சாலமோன் வாட்ச்மேனாக இருக்கிறார் என்று தெரியும். ஐந்து வருடமாகத் தெரியும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், வலது காலை நேராக நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "உக்காருங்க சாலமோன்" என்றேன். நான் அவரை மரியாதையோடு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"தம்பிக்குக் கல்யாணமாமுங்களே? கேள்விப்பட்டனுங்க. சந்தோசமுங்க."

உன்னைத்தான் சொன்னார். நான் அங்கே, லாரியும் சைக்கிளும் போகிற ரோட்டோரத்தில் நின்றுகொண்டு, சொல்லவேண்டியதைச் சொன்னேன். அன்றைக்கு நான் கண்ணை மூடவில்லை, எல்லாவற்றையும் பார்த்தேன், போலீஸில் பொய் சொன்னேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, கோபமே இல்லாமல், எனக்குப் புரிய வேண்டுமென்பது போல மெதுவாகச் சொன்னார்:

"இத எங்கிட்ட எதுக்குங்கம்மா சொல்றீங்க? நான் தூங்குலீங்கறது எனக்குத் தெரியாதுங்களா? தெரியாதவீங்ககிட்டச் சொல்லுங்க."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருக்கிறேன் பார், அதுதான் நான். பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். தெரியாதவர்கள் என்றால் முதலில் நீ. உனக்கு எழுத உட்கார்ந்தேன். பாதியில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து உன் மாமனார் வீட்டில் கல்யாணச் சேலை எடுக்கக் கோயமுத்தூர் வந்தார்கள். உன் மாமனார், மாமியார், நீ கட்டிக்கொள்ளப் போகிற வித்யா, மூன்று பேரும். கடைக்குப் போகும் வழியில் நம் வீட்டுக்கும் வந்தார்கள். போர்ட்டிகோவில் காரைப் பார்த்துவிட்டு உன் மாமனார், "மாப்பள அழைப்புக்கு இதுதானுங்களா?" என்று கேட்டார். போதாதா? உன் அப்பா அந்தியூர்க் கதையை எடுத்துவிட்டார். பம்பாய்ச் சரக்கு, குதிரைச் சந்தை, தூங்குமூஞ்சி டிரைவர். குறட்டைக்கு வந்தார், மூக்கில் விசில் அடித்தார். உன் மாமனார் மரியாதைக்காகச் சிரித்தார். நான் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "அவரு தூங்கலீங்க" என்றேன்.

"அம்மணி, உள்ள போ" என்றார் உன் அப்பா.

போகவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவையாகப் போகவில்லை. டேப் வைத்து அளந்ததிலிருந்து, நான் போலீஸில் சொன்னது வரைக்கும், கணபதிப் பட்டறை வாசல் வரைக்கும், நின்றுகொண்டே சொன்னேன். எதையும் விடவில்லை. உன் அப்பா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். உன் மாமியார் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். உன் மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். கல்யாணம் நின்றுபோனாலும் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

வித்யா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அவருக்கு இப்ப கால் வலி இருக்குதுங்களா அத்தை?"

அவர் எழுந்து நின்றதைப் பார்த்தேன், சுவரைப் பிடித்ததைப் பார்த்தேன், அப்புறம் என் பாவத்தைப் பற்றியே பேசிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இந்த வீட்டில் ஐந்து வருடமாக உன் அப்பா கேட்கவில்லை, நீ கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கப் போன நானும் கேட்கவில்லை. நம் வீட்டுக்கு இன்னும் மருமகளாகக் காலடி வைக்காத பெண் கேட்டாள்.

"தெரியலியே கண்ணு. போயிக் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

"நானும் கூட வாரேனுங்க" என்றாள். அவள் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு டம்ளரைத் தட்டில் வைத்துவிட்டார்.

இந்த வியாழன் இல்லை, அடுத்த வியாழக்கிழமை அவள் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள், காந்திபுரத்தில் காத்திருந்து அழைத்துக்கொண்டு போகிறேன். கல்யாணம் நடக்கும் என்றுதான் தோன்றுகிறது. அவளுக்கு நீ ஏற்றவனா என்று என்னைக் கேட்டால், இன்றைய தேதிக்கு இல்லை என்றுதான் சொல்வேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த வியாழக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கும். புனேயிலிருந்து ரயிலுக்கு ஒன்றரை நாள் போதும்.

அம்மா